வாசிகசாலையில் மலையக மாலை

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலைய வாசிகசாலை ஒன்றின் நிகழ்ச்சி இது. 1823 முதல் தமிழகத்திலிருந்து இலங்கை மலையகத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த சனத்தின் வழக்கங்கள்தான் பொருள். தப்பு என்கிற தோற்பறைக்காகவே போகலாம். ஆனால் ஈரக்காற்றுப் பட்டால் தோல் தொய்ந்து சத்தம் செத்துவிடும். அடிக்க முதல் வைக்கோல் நெருப்பில் காய்ச்ச வேண்டும். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட வழியில்லை, வெளியே காய்ச்சிய தப்பு பாதியிலேயே மந்தமாகிவிட்டது. முற்றத்தில் வைத்திருக்கலாம். மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தைப் பத்து நிமிடத்துக்குள் அடக்கியது அநியாயம்: மாசிப் பிறை கண்டு காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி எரிக்கும்வரை நாட்கணக்காக நடக்கிற கூத்தல்லவா அது! தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்தச் சனம் நடந்த பாதையின் வரைபடம் அருமை. எழுத்துத்தான் பொடி, கதிரையிலிருந்து வாசிக்க ஏலாது. புத்தகங்களை அங்கேயே புரட்டலாம், இரவல் கிடையாது. தேங்காய் ரொட்டியும் இடிச்ச சம்பலும் தாராளம்.