படரும் ஆப்பிரிக்க டெய்சி வாங்கும் முன் தண்டைப் பாருங்கள்

தோட்டத்துச் சரிவை மூடுவதற்காக, படரும் ஆப்பிரிக்க டெய்சி என்று விளம்பரம் செய்த ஒரு விற்பனையாளரிடம் இணையத்தில் கன்றுகள் வாங்கினேன். படத்தில் வெள்ளை இதழும் கருநீல நடுவுமாகத் தரையே தெரியாத அளவுக்குப் பூக்கள். வந்த கன்றுகளிலும் பூ இருந்தது. ஆனால் ஒன்றுகூடப் படரவில்லை, எல்லாம் நிமிர்ந்து குத்துச்செடியாகவே நின்றன.

படரும் வகை ஆஸ்டியோஸ்பெர்மம் ஃப்ரூட்டிகோசம், தென்னாப்பிரிக்கக் கடலோரச் செடி. உயரம் ஓர் அடிக்குள் நிற்கும், பக்கவாட்டில் மூன்று நான்கு அடி ஓடும். தண்டு மண்ணைத் தொடும் கணுக்களில் வேர் விடும். சரிவுக்கு வேண்டியதே அதுதான். எனக்கு அனுப்பியவை தொட்டியில் வளர்க்கும் கலப்பினங்கள். அழகுதான், யார் இல்லை என்றது?

கேட்டதற்கு, "தினமும் இரண்டு வேளை தண்ணீர் விடுங்கள், படரும்" என்று பதில் வந்தது. ஏமாற்றியதைக்கூட விடுங்கள், இந்த ஆலோசனைதான் ஆபத்து. இந்தச் செடி வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும். ஈரம் தேங்கினால் வேர் அழுகிப் போகும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். நிழலிலும் பூக்கும், ஆண்டு முழுவதும் பூக்கும் என்றும் விளம்பரத்தில் இருந்தது. மேகமூட்டமான நாளிலேயே இதழை மூடிக்கொள்ளும் பூ இது, நிழலில் எப்படி விரியும்? கடும் வெயில் காலத்தில் பூப்பது குறைந்து, குளிர்ந்த பிறகுதான் மறுபடி மொட்டு வைக்கும். பூக்கவில்லையே என்று தழைச்சத்து உரத்தைக் கொட்டினால் இலைதான் பெருகும்.

சமாதானப்படுத்த 'வானவில் நிற' விதைப் பொட்டலம் ஒன்று அனுப்பினார்கள். அப்படி ஒரு நிறத்தில் இந்தச் செடி பூப்பதே கிடையாது. பணத்தைக் கேட்டபோது, கன்று உயிரோடு வந்து சேருவதற்கு மட்டும்தான் உத்தரவாதம், வகைக்கு இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

வாங்குவதானால், பூவின் படம் வேண்டாம், செடியைப் பக்கவாட்டில் எடுத்த படம் கேளுங்கள். தண்டு தாழ்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். ரசீதில் தாவரவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். தெரிந்தவர் தோட்டத்தில் இது இருந்தால் வேலை இன்னும் சுலபம். மொட்டு இல்லாத நுனித்தண்டைக் கிள்ளி, அடி இலைகளை எடுத்துவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டால் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும்.