லேப்டாப்பில் செகண்ட் டிரைவ் போடக் கொடுத்து 7,800 ரூபாய் போச்சு, கூடவே ஒரு வளைகாப்பும்

7,800 ரூபாய். பழைய லேப்டாப்பில் இரண்டாவதாக ஒரு டிரைவ் போடக் கொடுத்த பணம். அந்த டிரைவ் போலி என்று நேற்று மத்தியானம்தான் உறுதியாகத் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், அந்தக் கடைக்காரர்கள் அடுத்த ஆளுக்கும் இதையேதான் செய்வார்கள்.

நான் ஈரோட்டில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். போட்டோகிராபர்கள் படங்களை அனுப்புவார்கள், பக்கம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஏழு மாதம் முன்னால் கோவையில் ஒரு ரீஃபர்பிஷ்டு லேப்டாப் கடையில் (பழையதைச் சரிசெய்து மறுபடி விற்பவர்கள்) டெல் லாட்டிட்யூட் 5490 வாங்கினேன். ஐ5 எட்டாம் தலைமுறை, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (படங்களைச் சேமிக்கும் டிரைவ்), 24,000 ரூபாய். அப்போது லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். அதுவரை நன்றாக ஓடியதால்தான் அதே கடைக்குத் திரும்பப் போனேன்.

256 ஜிபி என் வேலைக்கு எந்த மூலைக்கு? ஒரு கல்யாணமே 40, 50 ஜிபி வந்துவிடுகிறது. வாங்கும்போதே கேட்டிருந்தேன், "தம்பி, பின்னால இன்னொரு டிரைவ் போட முடியுமா?" "தாராளமாப் போடலாங்க்கா, உள்ள இடம் இருக்கு" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்த மாடலையே எடுத்தேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோவைக்குப் போனேன். 1 டிபி எஸ்எஸ்டி, அதை உட்கார வைக்கும் சட்டம், கேபிள், மாட்டுகிற கூலி எல்லாம் சேர்த்து 7,800 என்றார். பேரம் பேசவில்லை. என் கண் முன்னாலேயே டப்பாவின் சீலை உடைத்து டிரைவை எடுத்துக் காட்டினார். பெரிய கம்பெனி ஸ்டிக்கர், பளபளவென்று இருந்தது. "உள்ள சர்வீஸ் டேபிள்ல வெச்சு மாட்டணுங்க்கா, அரை மணி நேரம், டீ குடிச்சுட்டு வந்துருங்க" என்றார். நானும் போனேன். வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று அவரே பையனை அனுப்பி தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தார், அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

திரும்பி வந்தபோது லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். சி டிரைவுக்குக் கீழே புதிதாக டி டிரைவ், 931 ஜிபி. 1 டிபி என்று விற்பது விண்டோஸில் 931 என்றுதான் காட்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த 931-ஐப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது, ஜிபேயில் 7,800 அனுப்பிவிட்டேன். போலி டிரைவ் அந்த எண்ணையும் சேர்த்துத்தான் பொய் சொல்லும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளே இருப்பது 64 ஜிபி சில்லாக இருந்தாலும், டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சில்லுக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றி 1 டிபி என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். விண்டோஸ் அதை அப்படியே நம்புகிறது. உண்மையான இடம் தீரும் வரை எல்லாம் ஒழுங்காகப் பதிவாகும், அதற்கப்புறம் எழுதுவதெல்லாம் எழுதியது போலவே காட்டும், ஆனால் எங்கும் பதிவாகாது. பிழை என்று ஒரு வரி கூட வராது.

எனக்கு அப்படியே நடந்தது. முதலில் ஒரு கல்யாணம், 40 ஜிபி, பத்திரமாக இருக்கிறது. அடுத்தது ஒரு வளைகாப்பு, 62 ஜிபி. காப்பி ஆனதும் ஃபோல்டர் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. முதல் பத்துப் படங்களைத் திறந்து பார்த்தேன், அவையும் சரி. போட்டோகிராபரிடம் "வந்துருச்சுங்கண்ணா" என்று சொன்னேன். அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டும் என்று அவர் கேமராவின் மெமரி கார்டுகளை ஃபார்மட் செய்துவிட்டார். என் வாயால் சொன்னதை நம்பித்தான் செய்தார், அவர் மேல் தப்பே இல்லை.

போன வாரம் ஆல்பம் போட உட்கார்ந்தேன். வாசல் கோலம் இருக்கிறது, சீர்த்தட்டு வரிசை இருக்கிறது, சொந்தக்காரர்கள் வந்து உட்காருவது வரை இருக்கிறது. அப்புறம் ஒரு படம். அந்தப் பெண் கையை நீட்டியிருக்கிறாள், அத்தையோ யாரோ பச்சைக் கண்ணாடி வளையலை விரல்களைக் குவித்து ஏற்றுகிறார்கள், மணிக்கட்டு வரைக்கும் தெரிகிறது, அதற்குக் கீழே படம் முழுக்கச் சாம்பல் நிறம். அதற்கு அடுத்த படம் திறக்கவே இல்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. கடைசி வரைக்கும் ஒன்று கூட இல்லை. நலங்கு வைத்தது, வளையல் அடுக்கியது, வந்தவர்கள் ஆசீர்வாதம் செய்தது எல்லாமே போச்சு.

ரெக்கவரி சாஃப்ட்வேர் போடலாமே என்று சொல்ல வருபவர்களுக்கு: அழிந்ததைத்தான் மீட்க முடியும். இது பதிவாகவே இல்லை.

கடைக்கு போன் செய்தேன். முதல் தடவை, "விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்குங்க்கா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." இரண்டாவது தடவை, "பென்டிரைவ்ல வைரஸ் ஏதாவது வந்திருக்கும்." மூன்றாவது தடவை போனை எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வந்தது. பஸ் ஏறி நேரிலேயே போனேன். தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தவர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார், வேறொரு பையன் வந்து, "ஓனர் ஊர்ல இல்லைங்க்கா, டிரைவுக்குக் கம்பெனி வாரன்டி, நீங்களே கம்பெனிக்கு அனுப்பிருங்க" என்றான். அங்கேயே நின்று ஸ்டிக்கரில் இருந்த சீரியல் நம்பரை அந்தக் கம்பெனி தளத்தில் போட்டுக் காட்டினேன், அப்படி ஒரு நம்பரே இல்லை என்று வந்தது. "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க்கா, டீலர் கொடுக்கிறதை நாங்க மாட்டறோம்." பில்லைக் காட்டினேன். பில் என்றா சொல்ல முடியும், எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, "1டிபி + ஃபிட்டிங் 7800" என்று பேனாவில் கிறுக்கியிருக்கிறது. நான் அதை வாங்கி அப்படியே மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் அண்ணா ஒருவர் இருக்கிறார். படிக்க முடிந்த படங்களை எல்லாம் வேறு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, டிரைவைக் காலியாக்கி எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். டிரைவ் முழுக்கத் தகவலை எழுதி, அதைத் திரும்பப் படித்து ஒப்பிடுவதுதான் அதன் வேலை. ராத்திரி போட்டது நேற்று மத்தியானம்தான் முடிந்தது. 58 ஜிபி சரி, 870 ஜிபிக்கு மேல் தகவல் இழப்பு என்று வந்தது. 7,800 ரூபாய்க்கு 58 ஜிபி!

இதோடு முடியவில்லை. கொஞ்ச நாளாகவே சார்ஜ் ஒன்றரை மணி நேரம் கூட நிற்கவில்லை, டிரைவ் கூடியதால் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணா கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரு வரி அடித்து விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்தார். அதில் வாராவாரம் பேட்டரியின் கொள்ளளவு பதிவாகியிருக்கிறது. நான் கோவை போன வாரம் வரைக்கும் டிசைன் கெபாசிட்டி, அதாவது புதிதில் பேட்டரி தாங்கும் அளவு, 68,000 மில்லிவாட் அவர் சொச்சம். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து 51,000. முழுசாக ஏறுவது 19,000. என் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு தேய்ந்துபோன வேறொன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த மாடலுக்கு வெவ்வேறு அளவில் பேட்டரி உண்டு. 51 வாட் அவர் போட்டிருந்தால் பக்கத்தில் இரண்டரை அங்குல டிரைவுக்கு இடம் இருக்கும். 68 வாட் அவர் என்றால் அந்த இடத்தையும் பேட்டரியே அடைத்துக்கொள்ளும். என்னுடையது 68. அதாவது "உள்ள இடம் இருக்கு" என்று ஏழு மாதம் முன்னால் சொன்னதே பொய். பேட்டரியை மாற்றினால்தான் டிரைவ் போட முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் முதலில் இருந்த எம்.2 டிரைவையே (போர்டில் நேராகச் செருகும் மெல்லிய வகை) 1 டிபியாக மாற்றிக்கொண்டு போயிருப்பேன்.

இதையும் போனில் கேட்டேன். "ரீஃபர்பிஷ்டு லேப்டாப்புக்கு பேட்டரி வாரன்டி கிடையாதுங்க்கா." வாரன்டியை யார் கேட்டது? என்னுடைய பேட்டரியைக் கொடு என்கிறேன்!

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை. 7,800 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு அது இரண்டு ஆல்பத்துக் கூலி.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கடைக்காரர் சொல்லும் "இடம் இருக்கு"வை நம்பாதீர்கள், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பாருங்கள், ஒரே வரிசை மாடல்களுக்குள்ளேயே இது மாறும். எச்பி எலைட்புக் 840 ஜி3, ஜி4-இல் எம்.2-வும் இரண்டரை அங்குல இடமும் இரண்டும் உண்டு, ஜி5-இல் இரண்டரை அங்குலம் கிடையாது. லேப்டாப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலும் வாங்கிய பின்னாலும் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து வையுங்கள். சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். புது டிரைவில் ஒரு படம் வைப்பதற்கு முன்னால் எச்2டெஸ்ட்டபிள்யூ முழுசாக ஓட்டுங்கள், ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. டீ குடிக்கப் போகாதீர்கள், ஸ்க்ரூ கழற்றுவதிலிருந்து பூட்டுவது வரை பக்கத்திலேயே உட்காருங்கள்.

போட்டோகிராபர் அண்ணா கூப்பிடுகிறார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு இன்று சாயங்காலம் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்ல வேண்டும்.