மூவ்இட்: கேத்தி கொட்டகையில் ஒரு ரோபோ கை

நீலகிரி கேத்தியில் கேரட் கழுவும் எங்கள் கொட்டகையில், ஆறு மூட்டு ரோபோ கை ஒன்றை, அதன் நகர்வுகளைத் திட்டமிடும் மூவ்இட் மென்பொருளில் ஓட்டுகிறேன். மென்பொருளுக்குக் காசு கிடையாது. அதற்குள் கைக்கு வழி தேடுவது ஓஎம்பிஎல் என்ற நிரல் தொகுப்பு; அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் லிடியா கவ்ராகியின் ஆய்வகத்தில் உருவானது. அதில் 1998இல் ஸ்டீவன் லாவல் முன்வைத்த ஆர்ஆர்டி என்ற பாதை தேடும் முறையும் உண்டு. மூட்டுக் கோணங்களைத் தற்செயலாகப் பொறுக்கி, எதிலும் இடிக்காத நகர்வுகளை மட்டும் மரக்கிளை போல வளர்த்துக்கொண்டே போகும்.

தூணில் படாமல் கை வளைவதைப் பார்க்க அழகுதான். ஆனால் பக்கத்துக் கூடைக்கே சில நேரம் ஊரைச் சுற்றுகிறது. "மேட்டுப்பாளையம் போயிட்டு வருதாடா?" என்றார் அப்பா. கிடைத்த பாதையை மேலும் சுருக்கப் பார்க்கும் ஆர்ஆர்டி ஸ்டார் என்ற வகைக்கு மாற்றினேன்; பாதை சுருங்கியது, யோசிக்கும் நேரம் கூடியது. சரி, பரவாயில்லை.

ஈரக் கேரட் வழுக்குவதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. விரல்களில் பழைய சைக்கிள் டியூபை ஒட்டிவிடுங்கள்.