அரச ஸ்பானிய அகாதெமியின் இணைய அகராதி: மொரீஷியஸ் வாசகருக்கு ஒரு மதிப்புரை

பள்ளியிலேயே பிரெஞ்சு படித்துவிட்ட மொரீஷியஸ்காரருக்கு ஸ்பானிஷ் பாதி தெரிந்த மொழியாகவே தோன்றும். இலக்கணம் அவரை அவ்வளவாகத் தொல்லைப்படுத்துவதில்லை. மாட்ரிட்டில் ஒன்றும் புவெனஸ் ஐரிஸில் வேறொன்றும் பொருள்படும் எளிய அன்றாடச் சொற்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. கிராண்ட் பே விடுதியின் வரவேற்பு மேசையிலோ எபேன் நகரின் அழைப்பு மையத்திலோ பணிபுரிபவருக்கு, அடுத்து வருபவர் ஸ்பெயின் நாட்டவரா, மெக்சிகோக்காரரா என்பது முன்கூட்டியே தெரியாது. அப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்தே, கட்டணமின்றிக் கிடைக்கும் அரச ஸ்பானிய அகாதெமியின் இணைய அகராதியை இங்கே மதிப்பிடுகிறேன்.

அகாதெமி 1713இல் தொடங்கப்பட்டது. அகராதியின் இருபத்து மூன்றாம் பதிப்பு, லத்தீன் அமெரிக்க நாடுகளின் அகாதெமிகளும் சேர்ந்து உழைத்ததன் பயனாக, 2014இல் வெளிவந்தது. 93,111 தலைச்சொற்களும் 1,95,439 பொருள்களும் கொண்ட அந்தப் பதிப்பில், ஏறத்தாழ 19,000 பொருள்கள் அமெரிக்கக் கண்டத்து வழக்குகள். இணைய வடிவம் அதன் பிறகும் அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு வருகிறது. விளக்கங்கள் அனைத்தும் ஸ்பானிஷிலேயே இருப்பது பிறருக்குத் தடையாகலாம். பிரெஞ்சு அறிந்த நமக்கோ ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறியேனும் படித்து முடித்துவிட முடிகிறது.

இந்த அகராதியைச் சோதித்துப் பார்க்க ‘கொஹேர்’ என்ற வினைச்சொல்லை விடச் சிறந்தது வேறில்லை. ‘எடு’, ‘பிடி’ என்னும் பொருள் கொண்ட இச்சொல் ஸ்பெயினில் சிறு குழந்தை முதல் செய்தி வாசிப்பவர் வரை எல்லோர் வாயிலும் புழங்குவது. பேருந்தைப் பிடிப்பதற்கும் தொலைபேசியை எடுப்பதற்கும் அதுவே சொல் என்பதால், பிரெஞ்சு ‘ப்ராந்த்ர்’ வழியே சிந்திப்பவர் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்வார். அகராதியில் அதன் பக்கத்தைத் திறந்தால், பற்றுதல், சேகரித்தல், நோய் தொற்றுதல் எனச் சாதுவான பொருள்களாகவே பட்டியல் நீண்டுகொண்டு போகிறது. முப்பதை நெருங்கும் இடத்தில், ஏறத்தாழக் கடைசியில், கொச்சை என்பதற்கான குறியும் அர்ஜென்டினா, மெக்சிகோ உள்ளிட்ட நாடுகளின் சுருக்கங்களும் வந்து நிற்க, உடலுறவு கொள்ளுதல் என்ற பொருள் சில சொற்களிலேயே தரப்பட்டிருக்கிறது. “விமான நிலையப் பேருந்தைப் பிடியுங்கள்” என்று அர்ஜென்டினாத் தம்பதியிடம் அந்தச் சொல்லைக் கொண்டு வழிகாட்டும் ஊழியருக்குத் தேவைப்படும் ஒரே வரி அதுதான். அகராதியோ அதை அடித்தளத்தில் வைத்திருக்கிறது. (‘எடு’ என்றே பொருள்படும் ‘தொமார்’ என்ற சொல்லைச் சொன்னால் எந்த நாட்டவரும் முகம் சுளிக்கமாட்டார்.)

இந்த அடுக்குமுறை கவனக்குறைவால் நேர்ந்ததன்று. பொதுவழக்கை முதலிலும், பழைய வழக்கு, வட்டார வழக்கு முதலியவற்றைப் பின்னரும் வைப்பது அகராதியின் ஒழுங்கு. எனவே நம்மைப் போன்றவர்கள் ஒவ்வொரு பதிவையும் கீழிருந்து மேலாகப் படிப்பதே நல்லது: முதலில் நாட்டுச் சுருக்கங்கள், பிறகு ‘கொலோக்.’ (பேச்சுவழக்கு) போன்ற வழக்குக் குறிகள், அதன் பிறகே பொருள். கணினியில் சுட்டியைச் சுருக்கத்தின் மேல் கொண்டுசென்றால் அதன் முழுவடிவம் தோன்றுகிறது என்பது பெரிய உதவி. ‘கான்.’ என்பதைக் கனடா என்று நினைத்துவிட வேண்டாம். அது கானரித் தீவுகளைக் குறிக்கும்.

கரும்பால் வளர்ந்த நாட்டினருக்கு மிகவும் சுவையான பதிவு ‘காஞா’. நாணலின் தண்டு, கரும்பு, தூண்டில் கோல் என்று நீளும் இச்சொல்லுக்குக் கிரியோலில் கரும்பைக் குறிக்கும் ‘கான்’ நெருங்கிய உறவு. ஆனால் மாட்ரிட்டின் மதுக்கடையில் ஒருவர் ‘உனா காஞா’ என்று கேட்டால், அவருக்கு வேண்டியது குழாயிலிருந்து பிடித்துத் தரும் சிறு குவளை பியர். தென் அமெரிக்காவின் சில பகுதிகளில் அதே சொல் கரும்புச் சாராயத்தைக் குறிக்கும். சிலியில் குடித்ததற்கு மறுநாள் வரும் தலைவலியைக் குறிக்கும். ஸ்பெயினில் ‘தார் காஞா’ என்றால், இடத்திற்கேற்ப, வண்டியை விரட்டுவதும் ஆகும், ஒருவரை வறுத்தெடுப்பதும் ஆகும். இத்தனையும் ஒரே தண்டிலிருந்து கிளைத்தவை என்பது தொடர்ந்து படிக்கும்போதுதான் புலப்படுகிறது. மொழிபெயர்ப்புச் செயலிகள் ஒற்றை விடையை நீட்டிவிட்டு நின்றுவிடுவதால், இந்த இன்பம் அங்கே கிடைப்பதில்லை.

ஒரே எழுத்தமைப்பில் இருந்தாலும் வேர் வேறானால், அகராதி தலைச்சொல்லின் மேல் சிறு எண் இட்டுத் தனித்தனிப் பதிவாகப் பிரிக்கிறது. ‘குவாகுவா’ கியூபாவிலும் கானரித் தீவுகளிலும் பேருந்து. சிலி, பெரு, பொலிவியாவில் கெச்சுவா மொழியிலிருந்து வந்த கைக்குழந்தை. ‘மாங்கோ’வும் அவ்வாறே: வாணலியின் கைப்பிடி லத்தீன் வழியில் வந்தது, பழமோ நம் ‘மாங்காய்’ போர்த்துகீசியர் கப்பலேறி ஐரோப்பா சென்ற கதை. புவெனஸ் ஐரிஸ் தெருப்பேச்சில் ‘மாங்கோ’ என்றால் பணம்; கையில் ஒரு மாங்கோ கூட இல்லை என்று அங்கே ஒருவர் புலம்பினால் பழக்கடையை நினைக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. ஸ்பெயினுக்கே உரிய வழக்கைக் காட்டும் குறி இருந்தும், அது தாராளமாக இடப்படுவதில்லை; குறியே இல்லாத பொருள் உலகெங்கும் செல்லும் என்ற மயக்கம் இதனால் கற்பவருக்கு ஏற்பட்டுவிடும். அதைவிடப் பெரிய குறை, ஒரு சொல் எவ்வளவு சுடும் என்பதைச் சுருக்கக் குறிகளால் காட்ட முடியாமை. நண்பர்களிடையே சிரிப்பாக முடியும் சொல்லுக்கும் விருந்தினர் முன் சொன்னால் வேலைக்கே உலை வைக்கும் சொல்லுக்கும் ஒரே குறிதான் விழுகிறது. ‘அவோரிதா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: மெக்சிகோவில் அது ‘இந்த நொடியே’ என்பதிலிருந்து ‘எப்போதாவது’ என்பது வரை நீளும், டொமினிக்கன் குடியரசிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ‘அப்புறம்’ என்பதே அதன் பொருள். அறையை எப்போது காலி செய்வீர்கள் என்ற கேள்விக்கு அந்தப் பதில் வந்தால், அகராதியை மூடிவிட்டு மணி எத்தனை என்று கேட்பதே உசிதம்.

ஆகவே லத்தீன் அமெரிக்கரோடு அதிகம் பேசுபவர்கள், அகாதெமிகளின் சங்கம் 2010இல் வெளியிட்ட அமெரிக்க வழக்கு அகராதியையும் சேர்த்தே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 70,000 பதிவுகளும் 1,20,000 பொருள்களும் கொண்ட அதுவும் இணையத்தில் இலவசம். எந்த நாட்டில், எந்தப் பேச்சு நிலையில் என்பதைப் பொருள்தோறும் அது இன்னும் நெருக்கமாகக் குறிக்கிறது. அதன் குறியீட்டு முறை பழகச் சிறிது பொறுமை வேண்டும். ஸ்பெயினில் சிவப்பு வைனையும் கொலம்பியாவில் கறுப்புக் காப்பியையும் குறிக்கும் ‘தின்தோ’வைப் பரிமாறுபவர்களுக்கு, காலைச் சிற்றுண்டி மேசைக்குப் போவதற்கு முன்பே அது பயன்படும்.

இன்னும் வாக்கியம் அமைக்கத் தடுமாறும் தொடக்கநிலை மாணவருக்கு இந்த அகராதியைப் பரிந்துரைக்கமாட்டேன். பொருள்களின் வெள்ளத்தில் அவர் திணறிப்போவார். ஓராண்டேனும் பாடம் படித்து, வாடிக்கையாளரோடு பேசத் தொடங்கியவருக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தந்து பரிந்துரைக்கிறேன். ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது, கைபேசியின் சிறு திரையில் அந்தச் சுருக்கங்களோடு போராட வேண்டியிருப்பதற்காக.