கயிற்றிலா, வரிசையிலா? புதியவருக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் இரண்டு வழிகள்

முதன்முதலாகச் சேணத்தில் ஏறுகிறவருக்குப் பாடத்தை இரண்டு விதமாகத் தொடங்கலாம். ஒன்று லஞ்சிங்: பயிற்றுநர் நடுவில் நின்றுகொண்டு ஏழெட்டு மீட்டர் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடுவார். இன்னொன்று, நாலைந்து பேர் ஒருவர் பின் ஒருவராகப் போகும் குழு வகுப்பு. உட்காரக் கற்க முதலாவது, ஓட்டக் கற்க இரண்டாவது என்பது என் கட்சி. எதை எவரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் பல லாயங்கள் தவறுகின்றன.

லஞ்சிங்கில் வேகமும் திசையும் பயிற்றுநர் பொறுப்பு. தடுமாறும்போது புதியவர் கை தானாக லகானை இழுக்கும், வலி குதிரையின் வாய்க்குப் போகும். இங்கே லகானே கையில் இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. டிராட்டின் (நடையைவிட வேகமான துள்ளோட்டம்) துள்ளலில் இடுப்பு எங்கே இறுகுகிறது, முழங்கால் எப்போது சேணத்தைக் கவ்வுகிறது என்று சுற்றுக்குச் சுற்று பார்த்துத் திருத்தலாம். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேர்பவர்கள் அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) லகானும் இல்லாமல் மாதக்கணக்கில் இப்படித்தான் சுற்றுகிறார்கள். வார இறுதியில் பொழுதுபோக்காக வருபவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது, சரி. அதோடு, ஓயாத வட்டம் குதிரையின் மூட்டுகளுக்கும் ஆகாது. அரை மணி நேரத்துக்குள், திசையை மாற்றி மாற்றி, முடித்துவிட வேண்டும்.

குழு வகுப்பில் மூலை திரும்புவது, எதிரே வருபவரை இடப்பக்கமாக விட்டுக் கடப்பது, முன்குதிரையின் உதைக்கு எட்டாமல் ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விடுவது எல்லாம் பழகும். ஆனால் பழகிய பள்ளிக் குதிரை முன்னால் போவதன் வாலைப் பார்த்தே நடக்கும். தான்தான் ஓட்டுகிறோம் என்று மேலே இருப்பவர் நம்பிக்கொண்டிருப்பார். வரிசையிலிருந்து ஒவ்வொருவராகப் பிரிந்து எதிர்ப்பக்கம் போகச் சொல்லுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

வருமானம் என்று பார்த்தால் பேச்சே இல்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்து கட்டணம் வரும் வகுப்பைத்தான் எந்த நிர்வாகமும் விரும்பும். தொண்டை கட்டிப்போவது பயிற்றுநர் பாடு.

கயிற்று வேலை சுலபம் என்று நினைத்து, புதிதாகச் சேர்ந்த பயிற்றுநரிடம் அதைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. கயிறும் சாட்டையும் குதிரையிடம் பேச, வாய் மாணவரிடம் பேச வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். கயிறு தொய்ந்தால் குதிரை வட்டத்தைக் குறுக்கி உள்ளே வரும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றால், குதிரை மிரண்டு பாயும்போது விரல் போய்விடும். கையுறை கட்டாயம். இதற்கு லாயத்திலேயே அனுபவம் மிக்கவர் நிற்பதுதான் முறை.

நானாக இருந்தால், பிடரியைப் பிடிக்காமல் டிராட்டில் தாளத்தோடு எழுந்து உட்கார வரும்வரை கயிற்றில் வைத்திருப்பேன், அப்புறம் குழுவுக்கு அனுப்புவேன். டிராட்டைவிட வேகமான ஓட்டமான கேன்டருக்கு முதல்முறை போகும்போது மட்டும் மறுபடி கயிற்றுக்கே கூப்பிட்டுக்கொள்வேன்.