எம்ஆர்ஐ என்று 9,500 ரூபாய் வாங்கிவிட்டு சிடி ஸ்கேன் எடுத்து ஏமாற்றினார்கள்

மதுரையில் ஐசியூ வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன், தம்பி உள்ளே. ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பாம்பன். தண்ணீரை விலைக்கு வாங்கி டிரம்மில் பிடித்து வைக்கிற ஊர், மழைக்காலம் வந்தால் கொசுவுக்குக் கேட்கவா வேண்டும். தம்பிக்கு டெங்கு பாசிட்டிவ். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் பிழைத்தான் என்றுதான் நினைத்தோம், சாயங்காலம் பார்த்தால் கஞ்சி டம்ளரைப் பிடிக்கத் தெரியாமல் விழிக்கிறான், அம்மாவைப் பார்த்து யாரு என்கிறான். டாக்டர் உடனே மூளைக்கு எம்ஆர்ஐ, அதாவது காந்தத்தால் படம் எடுக்கிற ஸ்கேன், எடுக்கச் சொன்னார்.

டவுனில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டர். கவுண்டர் பையன் ஓடி வந்து வீல்சேரைப் பிடித்தான். "பயப்படாதீங்க அக்கா, எம்ஆர்ஐ எடுத்து கையோட ரிப்போர்ட் தந்துருவோம், 9,500 கட்டிருங்க." அந்த 'அக்கா'வை நம்பினேன். படகு கரையில் கிடக்கிற நேரத்தில் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம், அப்படியே கொடுத்தேன். இடுப்பில் வெள்ளி அரைஞாணோடேயே உள்ளே கொண்டுபோனார்கள், ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான். ரிப்போர்ட் நார்மல். கிளினிக்கும் பூட்டிவிட்டது, நார்மல்தானே என்று ராத்திரி வீட்டிலேயே வைத்திருந்தோம். விடியும்போது வலிப்பு.

மதுரை டாக்டர் பிலிமைத் தூக்கிப் பார்த்ததுமே, "இது எக்ஸ்ரேயில் எடுக்கிற சிடி ஸ்கேன்மா, எம்ஆர்ஐ எங்கே?" என்றார். இங்கே அரைஞாணை வெட்டி எடுத்துவிட்டுத்தான் எம்ஆர்ஐ எடுத்தார்கள். மூளைக்கு நடுவில் தலாமஸ் என்ற பகுதி, இரண்டு பக்கமும் வீங்கி, இரண்டு உளுந்து வடையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போல வளையமாகத் தெரிந்தது. டெங்குவில் அபூர்வமாக மூளையும் பாதிக்கும், சிடியில் சில நேரம் தெரியாமலே போகும் என்றார் டாக்டர்.

சென்டருக்குப் போன் போட்டால் மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறாராம். அடுத்த தடவை, மெஷின் ரிப்பேர், அவசரத்துக்கு சிடி எடுத்தோம், சொன்னோமே என்கிறான் அதே பையன். யாரிடம் சொன்னான்? "ரசீதுல பிரெய்ன் ஸ்கேன்னுதான மேடம் போட்டிருக்கு." அக்கா மேடம் ஆகிவிட்டேன். 9,500 ரூபாய்க்கு ஒரு ராத்திரியைப் பறிகொடுத்தோம். இப்போது என் நம்பரையே எடுப்பதில்லை.

ரசீதில் எம்ஆர்ஐ என்று எழுதி வாங்குங்கள். எம்ஆர்ஐ என்றால் மெஷின் தடதடவென்று சத்தம் போடும், பெரும்பாலும் இருபது நிமிஷமாவது ஆகும், உடம்பில் உலோகம் எதுவும் விடமாட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு ஆள் உளறினாலோ தூங்கி வழிந்தாலோ ரிப்போர்ட் என்ன சொன்னாலும் வீட்டில் வைக்காதீர்கள், 108க்கு அடியுங்கள். நர்ஸ் கூப்பிடுகிறார், போகிறேன்.