சுரங்க ஆய்வாளர்கள்: தன்பாத் முறையும் அமெரிக்க முறையும்

நிலத்தடிச் சுரங்கத்துக்கு அரசு ஆய்வாளர் எத்தனை முறை வர வேண்டும்? அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிடுகிறது: நிலத்தடிச் சுரங்கம் முழுவதையும் ஆண்டுக்கு நான்கு முறை, திறந்தவெளிச் சுரங்கத்தை இரண்டு முறை பார்த்தாக வேண்டும். இந்தியச் சுரங்க ஆய்வாளர்களின் தலைமையகம் தன்பாத்தில். இந்தியாவின் 1952ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பகலோ இரவோ எந்நேரமும் நுழையும் அதிகாரம் கொடுத்தது. எத்தனை முறை என்று சொல்லவில்லை.

இந்த ஒரு வேறுபாடே எனக்குப் பெரிதாகப் படுகிறது. எண்ணிக்கை சட்டத்தில் இருந்தால் எத்தனை ஆய்வாளர் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம், ஆள் குறைந்தால் உடனே வெளியே தெரியும். இல்லாவிட்டால் காலிப் பணியிடம் கோப்பிலேயே கிடக்கும். தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27 அன்று வெள்ளம் புகுந்து 375 பேர் இறந்த நாட்டில் அப்படி விடலாமா?

தகுதியில் தன்பாத் ஆய்வாளர்கள் இளைத்தவர்களல்ல. யூபிஎஸ்சி தேர்ந்தெடுக்கும் சுரங்கப் பொறியாளர்கள் அவர்கள். வெடிக்கும் வாயுவான மீத்தேன் காற்றைவிட லேசானது, கூரையோரம் தேங்கும். அதை அளக்கும் கருவியை அங்கே உயர்த்திப் பிடிக்கத் தெரிந்த கைகள் அவர்களுடையவை.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் ஆய்வாளர் வாசலில் நுழைந்ததுமே காவலர்கள் ரேடியோவில் உள்ளே தகவல் சொல்லிவிடுவது வழக்கமாக இருந்தது. 2010 ஏப்ரல் 5 வெடிவிபத்தில் 29 பேர் போனார்கள்.

இங்கே 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த இந்திய விதி ஒருபடி மேலாக இருந்தது: 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுரங்கத்தில் தொழிலாளர்களுக்கான ஆய்வாளர்கள், தினமும் உள்ளேயே இருப்பவர்கள். 500 பேருக்குக் குறைவான சுரங்கங்களுக்கும் அவர்களைக் கொடுத்திருக்க வேண்டும்.